நாற்றத்திற்கும் அளவுகோல் உண்டு

கும்மிடிப்பூண்டிக்கு அருகே ஓர் ஊரில் அன்பியக் கூட்டம். இரவு எட்டரை மணி இருக்கும். செபம் முடிந்து நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது, அந்த வீட்டு அம்மா எழுந்துபோய்ச் சன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினார். கோடைக்காலம். மின்விசிறி ஓடியும் எல்லாருக்கும் வியர்த்துக் கொட்டியது. "ஏம்மா சாத்துறீங்க?" என்று கேட்டேன். "இன்னும் கொஞ்ச நேரத்துல வாடை வந்துரும் ஃபாதர். அப்புறம் சாத்தினா வீட்டுக்குள்ளயே தங்கிடும்" என்றார்.

புகார் கொடுத்தீர்களா என்றேன். கொடுத்தார்களாம். பகல் பதினொரு மணிக்கு வந்து பார்த்துவிட்டு, "வாடை ஒன்றும் இல்லையே" என்று சொல்லிப் போய்விட்டார்களாம். விடைபெறும்போது வாசல்வரை வந்த அந்த அம்மா மெதுவாகச் சொன்னார்: "எங்க பேரை எங்கயும் சொல்லிராதீங்க ஃபாதர். பையன் அங்கதான் வேலை செய்யறான்."

அன்பார்ந்தவர்களே, அந்தச் சாத்திய சன்னலும் அந்த மெல்லிய குரலும் என் மனத்தை விட்டு அகலவில்லை. திருவள்ளூர் மாவட்டத்தில், அதிலும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றி வாழும் நம் மக்களுக்கு இது அன்றாட அனுபவம். உருக்காலைப் புகையின் கருகல் வாடை, பழைய டயரைச் சூடாக்கி எண்ணெய் எடுக்கும் கூடங்களின் நெடி, கோழிப் பண்ணையின் வீச்சம், குப்பைமேட்டின் அழுகல், கழிவுநீர் தேங்கிய ஓடையின் துர்நாற்றம். இவற்றையெல்லாம் நாம் 'தொந்தரவு' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். உண்மையில் இது தொந்தரவு மட்டும்தானா?

பகலில் வந்தவர்களுக்கு ஏன் வாடை தெரியவில்லை என்பதை முதலில் பார்ப்போம். பகலில் நிலம் சூடேறுவதால் காற்று மேலெழும்பி, புகையைச் சிதறடித்துவிடுகிறது. இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துப் படிகிறது. புகையும் நெடியும் மேலே போக வழியின்றித் தாழ்வாகவே பரவுகின்றன. அதோடு, நம் பகுதி கடலோரம். பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து வீசும். இரவில் நிலக்காற்று மேற்கிலிருந்து கடலை நோக்கி வீசும். ஆகவே ஒரே ஆலையின் வாடை பகலில் ஓர் ஊருக்கும் இரவில் வேறோர் ஊருக்கும் போகலாம். அந்த அம்மா சொன்னது பொய்யல்ல. பார்க்க வந்த நேரம்தான் தவறு.

அடுத்து சட்டம். நம் நாட்டில் 2009ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட தேசியக் காற்றுத் தர அளவுகளில் 12 மாசுகள் இடம்பெற்றுள்ளன. அமோனியா அதில் உண்டு. அழுகிய முட்டை வாடை வீசும் ஹைட்ரஜன் சல்பைடு அதில் இல்லை. 'நாற்றம்' என்று தனியாக ஓர் அளவும் இல்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2008இல் நாற்ற மாசு பற்றி வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ஆனால் வழிகாட்டுதல் வேறு, மீறினால் தண்டிக்கும் சட்ட அளவு வேறு. அளவு இல்லாத இடத்தில் ஏழையின் மூக்குக்கு மதிப்பு இல்லாமல் போகிறது.

நாற்றத்தை எப்படி அளப்பது, ஆளுக்கு ஆள் மாறாதா என்று சிலர் கேட்கலாம். பிற நாடுகள் இதற்கு வழி கண்டிருக்கின்றன. வியப்பு என்னவென்றால், அங்கேயும் அளக்கும் கருவி மனித மூக்குதான். ஐரோப்பாவில் 2003இல் இதற்கென ஒரு பொது முறை வகுக்கப்பட்டது. நாற்றமுள்ள காற்றைப் பையில் பிடித்து வருவார்கள். தூய காற்றை அதனோடு வெவ்வேறு அளவில் கலந்து, பயிற்சி பெற்ற ஒரு குழுவை முகரச் செய்வார்கள். குழுவில் பாதிப் பேருக்கு வாடை தெரிந்து, பாதிப் பேருக்குத் தெரியாமல் போகும் அளவுக்கு எத்தனை மடங்கு நீர்க்க வேண்டியிருக்கிறதோ, அதுவே அந்த நாற்றத்தின் அளவு. 500 மடங்கு என்றால் 500 அலகு. ஜப்பான் 1971லேயே துர்நாற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தது. அங்கே மூன்று பைகளைக் கொடுத்து, எதில் வாடை இருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொல்வார்கள். ஆக, நாற்றம் வெறும் 'மனப் பிரமை' அல்ல. முறையாகச் சோதித்தால் அது எண்ணாகவே வந்து நிற்கும்.

நாற்றம் பல நேரங்களில் எச்சரிக்கையும் கூட. கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னைக்கு ரயில் ஏறினால் வழியில் வரும் ஊர் எண்ணூர். 2023 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள். நள்ளிரவை நெருங்கிய வேளையில், அங்குள்ள கோரமண்டல் உரத் தொழிற்சாலைக்குக் கடலடியில் அமோனியா கொண்டுவரும் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னகுப்பம் பகுதி மக்களை எழுப்பியது அந்தக் கார நெடிதான். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். 50க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலை வாயிலருகே அளந்தபோது, ஒரு கன மீட்டர் காற்றில் 2,090 மைக்ரோகிராம் அமோனியா இருந்தது. ஒரு நாளின் சராசரியாக அனுமதிக்கப்பட்டது 400 மட்டுமே. அளவுகள் பின்னால் வந்தன. மூக்கு முதலில் சொல்லிவிட்டது.

இன்னொன்றையும் நாம் மறக்கக்கூடாது. மூக்கு பழகிப்போகும். அதைவிட மோசமாக, ஹைட்ரஜன் சல்பைடு மிகுந்தால் முகரும் திறனையே அது மரக்கச் செய்துவிடும். செப்டிக் டேங்கில் இறங்கும் தொழிலாளி "வாடை போய்விட்டது" என்று எண்ணும் நொடி அவருடைய கடைசி நொடியாகவும் இருக்கலாம். வாடை தெரியவில்லை என்பதால் ஆபத்து நீங்கிவிட்டது என்று பொருளல்ல.

எளிய மக்கள் தங்கள் மூக்கைச் சான்றாக மாற்றிய வரலாறு நம் மாநிலத்திலேயே உண்டு. கடலூர் சிப்காட்டைச் சுற்றிய கிராமத்தினர், எந்த நாளில், எந்த நேரத்தில், எந்த ஆலைப் பக்கமிருந்து, என்ன வாடை வந்தது என்று குறித்து வைத்தார்கள். பிளாஸ்டிக் வாளிக்குள் பை வைத்துக் காற்றின் மாதிரியைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். 2004இல் வெளியான அந்த ஆய்வு 20க்கும் மேற்பட்ட நச்சு வேதிப்பொருட்களைக் காட்டியது. அவற்றுள் சில புற்றுநோயை உண்டாக்கக் கூடியவை. அதுவரை வெறும் முறையீடாக இருந்தது அன்றுமுதல் சான்றாயிற்று.

"இப்படிக் கேட்டால் கம்பெனியை மூடிவிட மாட்டார்களா? என் பிள்ளையின் வேலை என்னாகும்?" அந்த அம்மாவின் அச்சம் நியாயமானது. அதை எளிதாக ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. நம் பங்குகளில் பல குடும்பங்களின் அடுப்பு எரிவது சிப்காட் சம்பளத்தில்தான். ஆனால் நாம் கேட்பது பூட்டு அல்ல, கட்டுப்பாடு. ஆலைக் காற்றை அமிலம் கலந்த நீரால் கழுவினால் அமோனியா அதில் கரைந்துவிடும். காரம் கலந்த நீரால் கழுவினால் ஹைட்ரஜன் சல்பைடு பிடிபடும். தேங்காய் நாரும் மரச் சீவலும் பரப்பிய படுகை வழியாகக் காற்றைச் செலுத்தினால், அதில் வாழும் நுண்ணுயிரிகள் நாற்றப் பொருட்களைத் தின்றுவிடும். கோழிப் பண்ணையில் தண்ணீர்க் குழாய் ஒழுகாமல் பார்த்து, எருவை உலர்வாக வைத்தால் நெடி வெகுவாகக் குறையும். இவை எட்டாத தொழில்நுட்பங்கள் அல்ல. மேலும், அந்தப் பையன் அதே காற்றை நமக்கு முன்பாகவே, நம்மைவிட அதிகமாகவே சுவாசிக்கிறான். கட்டுப்பாடு முதலில் காப்பது அவனைத்தான்.

பணமில்லை என்ற காரணத்தையும் நீதிமன்றம் ஏற்கவில்லை. மத்தியப் பிரதேசத்தின் ரத்லம் நகரில் திறந்த சாக்கடை நாற்றத்தையும் சாராய ஆலைக் கழிவையும் சகிக்க முடியாத மக்கள் வழக்குத் தொடுத்தார்கள். நகராட்சி நிதியில்லை என்றது. 1980இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சாக்கைத் தள்ளி, மக்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அன்று அவர்கள் பயன்படுத்திய பொதுத் தொல்லைச் சட்டப்பிரிவு, இன்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவாகத் தொடர்கிறது.

பிறரைக் கேட்கும் முன் நம்மையும் பார்ப்போம். ஆலயத் திருவிழா முடிந்த மறுநாள் எச்சில் இலைகளை எங்கே கொட்டுகிறோம்? ஈரக்குப்பையைப் பையில் கட்டி வீசினால், உள்ளே காற்றுப் புகாமல் அழுகி அதே துர்நாற்றத்தைத்தான் கிளப்பும். காற்றுப் படும்படி உலர்ந்த இலையோடு சேர்த்து மட்கவைத்தால் மண்வாசனை வரும். இது நம் கையில் இருக்கிறது.

எனவே ஒரு சிறு முயற்சியை முன்வைக்கிறேன். ஒவ்வோர் அன்பியத்திலும் ஒரு நோட்டுப் புத்தகம் வைப்போம். தேதி, நேரம், காற்று வந்த திசை, என்ன வாடை, எவ்வளவு நேரம், யாருக்காவது கண் எரிச்சல், இருமல், தலைவலி வந்ததா என்று எழுதுவோம். பிற சமயத்துச் சகோதரர்களையும் சேர்த்துக்கொள்வோம். வாடைக்குச் சாதியும் இல்லை, சமயமும் இல்லை. மூன்று மாதக் குறிப்போடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் ஆட்சியரின் குறைதீர் நாளுக்கும் ஊராகச் செல்வோம். இரவு பத்து மணிக்கு வந்து பாருங்கள் என்று கேட்போம். ஊர் மொத்தமும் கையெழுத்திட்டால், தனி ஒருவர் பெயரை மறைக்க வேண்டியிராது.

பெத்தானியாவில் இலாசரின் கல்லறை முன்னே, நாற்றம் வருமே என்று தயங்கினார் மார்த்தா. ஆனாலும் கல்லை அகற்றச் சொன்னார் ஆண்டவர். நாற்றத்துக்கு அஞ்சி மூடியே வைத்திருந்தால் உள்ளே இருப்பவருக்கு வாழ்வில்லை. நம் மக்கள் இரவுதோறும் சன்னலைச் சாத்திக்கொண்டு எத்தனை காலம் புழுங்குவார்கள்? அந்த அம்மா தன் வீட்டுச் சன்னலைத் திறந்து வைத்து உறங்கும் இரவு வர, நாம் என்ன செய்யப்போகிறோம்?

சிந்திப்போம். சேர்ந்து செயல்படுவோம்.