பஸ் எப்போது வரும்? - மும்பை பயணிகளின் அன்றாடக் கேள்வி

காலை மணி 8. தாராவியில் ஒரு பஸ் ஸ்டாப். கியூ நீண்டு டீக்கடை வாசல் வரை வந்துவிட்டது. டிபன் பையுடன் ஆபீஸ் குமாஸ்தா, பட்டறைத் தொழிலாளி, வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள், சயான் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய ஒரு பாட்டி.

"அண்ணாச்சி, பஸ் போயிட்டா?"

"நான் வந்தே அரை மணி நேரமாச்சு தம்பி. வந்ததையும் காணோம், போனதையும் காணோம்!"

தாராவியில் மட்டுமல்ல, அந்தோப்ஹில், செம்பூர், கோவண்டி என்று தமிழர்கள் வாழும் பகுதி எதற்குப் போனாலும் இதே பேச்சுதான். ரயில் தாமதமானால் ஒலிபெருக்கியில் சொல்வார்கள். பஸ் தாமதமானால் யாரிடம் கேட்பது?

அன்றும் இன்றும்

இத்தனைக்கும் மும்பையின் 'பெஸ்ட்' பஸ் ஒரு காலத்தில் நாட்டுக்கே எடுத்துக்காட்டாக இருந்தது. 1926-ம் ஆண்டு ஜூலை 15-ந் தேதி ஆப்கன் சர்ச்சில் இருந்து கிராபோர்டு மார்க்கெட்டுக்கு முதல் பஸ் ஓடியது. 1947 ஆகஸ்டில் நிறுவனம் மாநகராட்சியின் கைக்கு வந்தது. ஊரில் இருந்து பெட்டியுடன் வந்து இறங்கிய தமிழன், பஸ்ஸின் முகப்பில் இருக்கும் தேவநாகரி எண்களைத்தான் முதலில் கற்றுக்கொண்டான். பஸ் நம்பர் தெரிந்தால் பாதி மும்பை தெரிந்த மாதிரி!

ஏறக்குறைய 15 ஆண்டுகளுக்கு முன்பு 'பெஸ்ட்'டிடம் 4 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பஸ்கள் இருந்தன. 2025-ல் ஒப்பந்த பஸ்களையும் சேர்த்து இந்த எண்ணிக்கை 3 ஆயிரத்துக்கும் கீழே போய்விட்டது. அதிலும் சொந்த பஸ்கள் சில நூறுதான். ஊரோ பெருத்துக்கொண்டே போகிறது.

பஸ் குறைந்தால் காத்திருப்பு எப்படி நீள்கிறது? கணக்கு எளிது. ஒரு பஸ் போய்த் திரும்ப 2 மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தடத்தில் 12 பஸ் ஓடினால் 10 நிமிடத்துக்கு ஒன்று வரும். 6 பஸ் என்றால் 20 நிமிடம். போக்குவரத்து நெரிசலால் போய்த் திரும்ப 3 மணி நேரம் ஆனால், அதே 6 பஸ்ஸுக்கு 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். அதில் ஒன்று பழுதானால் கேட்கவே வேண்டாம்.

"அரை மணி நேரம் ஒன்றும் வராது. பிறகு இரண்டு மூன்று சேர்ந்து வரும்" என்று பயணிகள் குறைப்படுவதிலும் உண்மை இருக்கிறது. முன்னால் போகும் பஸ் நெரிசலில் சிக்கித் தாமதமாகிறது. அதற்குள் ஸ்டாப்பில் கூட்டம் சேர்ந்துவிடும். அத்தனை பேரும் ஏறி இறங்குவதற்குள் இன்னும் தாமதம். பின்னால் வரும் பஸ்ஸுக்கு ஏற ஆள் இல்லை. அது வேகமாக வந்து முன் பஸ்ஸை எட்டிப் பிடித்துவிடுகிறது. இடையில் நின்று இடைவெளியை ஒழுங்குபடுத்த ஆள் வேண்டும். பஸ்களுக்குத் தனிப் பாதையும் வேண்டும்.

ஒப்பந்தக்காரர் பஸ்

இந்த நிலைமை எப்படி வந்தது? முன்பெல்லாம் பஸ்ஸில் வந்த நஷ்டத்தை 'பெஸ்ட்' தனது மின்சார விற்பனை வருமானத்தைக் கொண்டு ஈடுகட்டியது. பின்னர் அந்த வழி அடைபட்டது. பழைய பஸ்கள் ஆயுள் முடிந்து கழிக்கப்பட்டன. அதே அளவுக்குப் புதிய பஸ்கள் வாங்கப்படவில்லை. மாறாக, தனியாரிடம் பஸ்ஸையும் டிரைவரையும் சேர்த்து வாடகைக்கு எடுத்து, கிலோ மீட்டருக்கு இவ்வளவு என்று பணம் கொடுக்கும் முறை வந்தது.

2019 ஜனவரியில் 'பெஸ்ட்' ஊழியர்கள் 9 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சொந்த பஸ்களின் எண்ணிக்கை 3 ஆயிரத்து 337-க்குக் குறையாது என்று அதே ஆண்டு ஜூனில் தொழிற்சங்கத்துடன் ஒப்பந்தம் ஏற்பட்டது. அந்த உறுதி காப்பாற்றப்படவில்லை.

கட்டுப்படியாகவில்லை என்று ஒப்பந்தக்காரர்கள் சிலர் இடையில் விலகினார்கள். 2022-ல் ஒருவர் விலகியதும் 200-க்கும் மேற்பட்ட சிறிய பஸ்கள் ஒரேயடியாக மறைந்தன. 2023 ஆகஸ்டில் சம்பள உயர்வு கேட்டு ஒப்பந்த டிரைவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது பயணிகள் நாட்கணக்கில் நடுத்தெருவில் நின்றார்கள். 2024 டிசம்பர் 9-ந் தேதி இரவு குர்லாவில் ஒப்பந்த பஸ் மோதிப் பலர் உயிரிழந்தபோது, டிரைவருக்குப் போதிய பயிற்சி இருந்ததா என்ற கேள்வி எழுந்தது.

டிரைவரையும் குறை சொல்லிப் பயன் இல்லை. சம்பளம் குறைவு, வேலை நிரந்தரமில்லை. அவரும் நம்மைப் போல் பிழைக்க வந்தவர்தான்.

கட்டணமும் காத்திருப்பும்

2019 ஜூலையில் குறைந்தபட்சக் கட்டணம் 8 ரூபாயில் இருந்து 5 ரூபாயாகக் குறைந்தது. மக்கள் மகிழ்ந்தார்கள். கூட்டம் கூடியது, பஸ் கூடவில்லை. 2025 மே மாதம் 9-ந் தேதி முதல் 5 ரூபாய் 10 ரூபாய் ஆயிற்று. ஏ.சி. பஸ்ஸில் 6 ரூபாய் 12 ரூபாய் ஆயிற்று. மாதம் 25 நாள் போய் வரும் தொழிலாளிக்கு 250 ரூபாயாக இருந்த செலவு 500 ரூபாய்.

ஆனாலும் பயணிகளின் முதல் குறை கட்டணம் அல்ல, காத்திருப்புதான். பஸ் வராவிட்டால் ஆட்டோ. 2025 பிப்ரவரி முதல் அதன் குறைந்தபட்சக் கட்டணம் 26 ரூபாய். சயானுக்குத் தெற்கே ஆட்டோவுக்கு அனுமதி இல்லை. டாக்சிதான், 31 ரூபாய். குமாஸ்தாவுக்கு ஆபீசில் 'லேட் மார்க்' விழுகிறது. தினக்கூலிக்காரர் நாக்காவுக்குப் பிந்திப் போனால் அன்றைக்கு வேலையே இல்லை. மலிவான பஸ் என்கிறார்கள். காத்திருந்து இழந்த கூலியையும் சேர்த்தால் அது மலிவா?

போதாக்குறைக்கு, 1912-ல் கட்டிய சயான் ரயில்வே மேம்பாலத்தை இடித்துக் கட்டுவதற்காக 2024 ஆகஸ்ட் 1 முதல் மூடினார்கள். கூடுதல் ரயில் பாதைக்கு அது தேவைதான். ஆனால் பஸ்கள் சுற்றுப்பாதையில் திருப்பிவிடப்பட்டன. வேலை ரயில்வேக்கு, நடை தாராவிக்காரர்களுக்கு!

செய்ய வேண்டியது என்ன?

2025-26-ம் ஆண்டுக்கு மும்பை மாநகராட்சியின் பட்ஜெட் 74 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். அதில் 'பெஸ்ட்'டுக்கு ஒதுக்கியது 1,000 கோடி. மேம்பாலங்களும் மெட்ரோவும் வரட்டும். ஆனால் மெட்ரோ ஸ்டேஷனுக்குப் போகவும் பஸ் வேண்டும் அல்லவா? குடிநீரில் லாபம் பார்ப்பதில்லை. பஸ்ஸில் மட்டும் ஏன் பார்க்க வேண்டும்?

சொந்த பஸ்களை வாங்கி விட வேண்டும். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நேர அட்டவணை வைக்க வேண்டும். பஸ் வராத நாளில் அதற்குப் பதில் சொல்லும் அதிகாரி ஒருவர் ஒவ்வொரு டிப்போவிலும் இருக்க வேண்டும்.

பயணிகளுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. பஸ் வந்ததும் கோபம் மறந்து ஏறிவிடுகிறோம். ஓட்டுக் கேட்டு வரும்போதாவது, மராத்தியரும் தமிழரும் உத்தரப்பிரதேசத்துக்காரரும் ஒரே கியூவில் நிற்பவர்கள் என்ற முறையில் சேர்ந்து கேட்கலாம்:

"ஐயா, எங்கள் பஸ் எப்போது வரும்?"