எத்தனை, எந்நாளுக்குள், யார் பொறுப்பு?

சென்ற மாதம் நமது சங்கத்தின் செயற்குழுக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. ‘தலைநகரில் வளரும் நம் குழந்தைகளிடையே தமிழறிவை வளர்க்க ஆவன செய்யப்படும்’ என்பது அத்தீர்மானம். கரகோஷம் எழுந்தது, காப்பியும் வந்தது. பழைய குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டிருந்த காரியதரிசி, இதே தீர்மானத்தை நாம் முன்னரே மூன்று முறை நிறைவேற்றியிருப்பதாக மெல்லிய குரலில் தெரிவித்தார். எவரும் சிரிக்கவில்லை.

அன்று இரவு முழுவதும் அந்த ‘ஆவன’ என்ற சொல்லே என் மனத்தை உறுத்திக்கொண்டிருந்தது. நல்லெண்ணத்திற்கு நம்மிடம் பஞ்சமில்லை. எத்தனை குழந்தைகள், எந்த அளவுக்கு, எந்நாளுக்குள், யாருடைய பொறுப்பில் என்பனவற்றைச் சொல்லத்தான் நா எழுவதில்லை. சொல்லிவிட்டால் தவறியதும் தெரிந்துவிடும் அல்லவா?

அமெரிக்காவில் ஒக்லஹோமா மாநிலத்தில் மரக்கட்டை ஏற்றும் லாரிகளைக் கொண்டு நிகழ்த்திய ஆராய்ச்சி ஒன்று 1975-இல் வெளியாயிற்று. சட்டம் அனுமதித்த எடையில் ஏறக்குறைய 60 சதவிகிதம் மட்டுமே லாரியோட்டிகள் ஏற்றிவந்தார்கள். ‘இயன்றவரை ஏற்றுங்கள்’ என்ற சொல்லால் பயன் விளையவில்லை. ‘94 சதவிகிதம் ஏற்றுக’ என்று ஓர் எண்ணைக் குறிப்பிட்டபின், கூலி உயர்வு ஏதுமின்றியே, சுமை 90 சதவிகிதத்தை எட்டியதாம். அதே மனிதர், அதே லாரி. மாறியது ஓர் எண்தான்.

அவ்வளவு தொலைவு போவானேன்? 1964 டிசம்பர்ப் புயலில் பாம்பன் பாலம் சிதைந்ததை நம்மில் மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். அதனைச் சீராக்க ரயில்வே நிர்வாகம் வகுத்த கெடு ஆறு மாதம். மேலதிகாரி அதனை மூன்றாகக் குறைத்தார். பொறுப்பேற்ற இளம் பொறியாளர் ஸ்ரீதரன் 46 நாட்களில் முடித்தார். பிற்காலத்தில் அவரே இந்தத் தில்லி மாநகருக்கு மெட்ரோ ரயில் அமைக்க வந்தபோது, அடுத்த கெடுவுக்கு எஞ்சிய நாட்களைக் காட்டும் கடிகாரங்களை அலுவலகங்களிலும் பணியிடங்களிலும் மாட்டிவைத்தார். முதற்பகுதி 2002 டிசம்பரில் திறக்கப்பெற்றது. நாள்தோறும் கண்ணில் படும் எண்ணுக்கு இருக்கும் வலிமை, கோப்பினுள் உறங்கும் எண்ணுக்கு ஏது?

ஆயினும் எண்ணைப் போற்றுவதோடு நிறுத்திக்கொண்டால் நான் நேர்மையாக எழுதியவன் ஆகேன். இந்நகரின் ஓர் அலுவலகத்தில் நான் பிரிவு மேற்பார்வையாளனாக இருந்த காலம். மனுக்கள் மலைபோல் குவிந்து கிடந்தன. ஒவ்வோர் உதவியாளரும் நாளொன்றுக்கு 15 மனுக்களை முடித்தாக வேண்டும் என்று உத்தரவிட்டேன். ஒரே மாதத்தில் குவியல் கரைந்தது. எனக்குப் பாராட்டும் கிடைத்தது. ஒருநாள் முற்பகல், கணவரை இழந்த மூதாட்டி ஒருவர் குடும்ப ஓய்வூதியம் கேட்டு நேரில் வந்தார். எங்கள் பிரிவிலிருந்து தமக்கு வந்த மூன்று கடிதங்களை மேசைமேல் வரிசையாக வைத்தார். ‘கூடுதல் விவரம் தேவை’ என்றே மூன்றும் கூறின. கேட்ட விவரமோ முதல் மனுவிலேயே இருந்தது. திருப்பியனுப்பினால் அதுவும் ‘முடிந்த’ மனுவாகக் கணக்கில் ஏறும் என்பதை என் உதவியாளர்கள் கண்டுகொண்டிருந்தார்கள். அவர்களை நான் கடிந்துகொள்வது எங்ஙனம்? மூன்று கடிதங்களிலும் இருந்த கையொப்பம் என்னுடையது.

அம்மையாரின் காரியம் அந்த வாரமே முடிந்தது. மறுநாள் உதவியாளர்களை அழைத்து, கணக்கை எப்படி வைத்தால் ஏமாற்ற வழியிராது என்று அவர்களையே கேட்டேன். எத்தனை மனு முடிந்தது என்பதை விட்டுவிட்டு, மனு வந்த நாளுக்கும் பணம் கைசேர்ந்த நாளுக்கும் இடைப்பட்ட நாட்களை எண்ணலாம் என்றார் அவர்களுள் இளையவர். முப்பது நாள் கடந்தது எதுவாயினும் என் மேசைக்கு வரவேண்டும் என்று நான் சேர்த்துக்கொண்டேன். மாதாந்தர எண்ணிக்கை குறைந்தது; மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டார்கள்; கொடுத்தேன்.

வீட்டைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. நாம் அனைவரும் ‘என்றாவது ஒருநாள் ஊர் திரும்புவோம்’ என்று சொல்லிக்கொண்டுதான் இங்கே வந்தோம். அந்த ‘என்றாவது’ என்பதற்கு ஆண்டு குறித்தவர்கள் ஊரில் மனை வாங்கினார்கள். குறிக்காதவர்கள் இங்கே வாடகை கொடுத்துக்கொண்டிருக்கிறோம். நான் இரண்டாம் வகை.

மேலாண்மை நூலார் குறிக்கோளுக்கு ஐந்து இலக்கணம் வகுப்பதுண்டு. 1981-இல் டோரன் என்ற அமெரிக்கர் எழுதிய பட்டியலில், யாரிடம் ஒப்படைப்பது என்பதும் ஒன்று. பின்வந்தோர் பலர் அதை நீக்கி வேறொன்றை வைத்துவிட்டார்கள். சங்கங்களைப் பொறுத்தவரை அதுவே உயிர்நாடி என்பது என் கருத்து.

ஆகவே, அத்தீர்மானத்தை இம்மாதம் திருத்தி எழுதினோம். தைப்பொங்கலுக்குள் 12 குழந்தைகள், கையால் எழுதிய ஒரு பக்கக் கடிதத்தைப் பிறர் துணையின்றிப் படிக்க வேண்டும். பொறுப்பு இரண்டு அம்மையார்களுடையது. அவர்கள் வர இயலாத நாளில் அடியேனுடையது. ஆடி முதல் வாரத்திலிருந்து எண்ணினால் 26 ஞாயிற்றுக்கிழமைகள். நவராத்திரி, தீபாவளி, பள்ளித் தேர்வு இவற்றுக்கு ஐந்தைக் கழித்தால் 21. வருகைப் பதிவேடு வைக்கலாம் என்று ஓர் அன்பர் கூறினார். வேண்டாம் என்றேன். வந்து உட்கார்ந்தவர்களை எண்ணத் தொடங்கினால், மறுபடியும் ‘முடிந்த’ மனுக்களின் கதைதான்.

மன்னார்குடியில் வாழும் என் தமக்கையாருக்கு 84 வயது. மாதம் ஒரு கடிதம் என் பேத்திக்கு எழுதுகிறார். இதுவரை அவற்றை நானே உரக்கப் படித்துக் காட்டிவந்தேன். இம்மாதக் கடிதத்தை உறை பிரிக்காமல் அலமாரியில் வைத்திருக்கிறேன். “அத்தைப்பாட்டி என்ன எழுதியிருக்காங்க, தாத்தா?” என்று அவள் இருமுறை கேட்டுவிட்டாள். உறையின்மேல் உள்ள தன் பெயரை மட்டும் இப்போது எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள்.