இலக்கணக் கலைச்சொற்களும் தரவுத்தளப் பெயரெல்லையும்

தமிழ் இலக்கணக் கலைச்சொற்களுள் பல தம்முள்ளேயே வரையறையை அடக்கியவை, ஆதலின் நீண்டவை. சொற்றொகுப்பு ஆய்வுக்கெனத் தரவுத்தளம் அமைப்போர் இவற்றையே புலங்களுக்குப் பெயராக இடும்போது எழும் இடர் ஒன்று ஈண்டு நோக்கத்தக்கது.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் இயல்பமைப்பில் ஒரு பெயருக்கு 63 பைட்டு வரையே இடந்தரும். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டு போதும். யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் 3 பைட்டு கொள்ளும். புள்ளியும் உயிர்க்குறியும் தனிக் குறியெண்கள் ஆதலால் ‘ம்’, ‘று’ போன்ற ஓரெழுத்தே 6 பைட்டாகிவிடும். ‘நான்காம்வேற்றுமைஉருபு’ என்பதில் எழுத்துகள் 11. பைட்டுகளோ சரியாக 63. ‘நான்காம்வேற்றுமைஉருபும்பயனும்உடன்தொக்கதொகை’ என்பது 126 பைட்டு. பின்னதன் எஞ்சிய பகுதி வெட்டுண்ண, இரு பெயரும் ஒன்றாகின்றன. உருபையும் அது தொக்க தொகையையும் ஒன்றெனக் கூறும் இலக்கணம் எதுவும் இல்லை.

இரண்டும் ஒரே அட்டவணையில் அமையின் தரவுத்தளம் பிழை கூறி மறுத்துவிடும். உருபுக்குரிய புலம் மட்டும் உள்ள அட்டவணையில் தொகையின் முழுப்பெயரால் வினவினால், வெட்டியமை பற்றிய சிறு குறிப்போடு உருபின் தரவே விடையாக வரும். அட்டவணைகளைக் கையாள நிரல் எழுதித்தரும் கருவி, முழுப்பெயரைத் தேடிக் காணாது இடையில் நின்றுவிடுதலும் உண்டு. அவ்வாறு நிற்பதே நன்று. நில்லாதவிடத்து ஆய்வேட்டின் எண்ணிக்கைகள் எவரும் அறியாமலே பிழைபடும்.

ரோமன் எழுத்துச் சுருக்கங்களை நாடுவது எளிய வழியாகத் தோன்றும். ஆயின் அச்சுருக்கம் வேற்றுமைத்தொகையைக் குறிக்கிறதா, உடன்தொக்க தொகையைக் குறிக்கிறதா என்பது அமைத்தவர்க்கே விளங்கும். சில ஆண்டுகளில் அவர்க்கும் ஐயமே. பைத்தான் மொழி 2008இல் வந்த 3.0 பதிப்பு முதல் மாறிகளுக்குத் தமிழ்ப்பெயரை ஏற்பதும் பெயரின் நீளத்திற்கு வரம்பிடாமையும் கருதின், தமிழைக் கைவிடுதல் தேவையற்றது என்பது புலனாகும்.

கலைச்சொல்லைப் புலத்தின் பெயராக்காமல் புலத்தினுள் இடும் மதிப்பாக்குவதே தக்கது. தனி அட்டவணையில் முழுவடிவில் அவை நிற்க, ஒவ்வொன்றுக்கும் எண் அமையலாம். உரைவகைப் புலத்தின் உள்ளடக்கத்தை 63 பைட்டு எல்லை கட்டுப்படுத்தாது. அவ்வட்டவணையை ஆய்வேட்டின் பின்னிணைப்பாகத் தருதலைத் தமிழ்த்துறைகள் கட்டாயமாக்குதல் வேண்டும். எண்ணிக்கையைச் சரிபார்க்கப் புகும் மதிப்பீட்டாளர்க்கு வேறு பிடிமானம் இல்லை.