உறுப்பெழுத்தும் அளுவிகாரை ஏடும்

அழகாகவும் ஒழுங்காகவும் எழுதப் பழகுவதை இலங்கைத் தமிழ்ப் பாடசாலைகள் ‘உறுப்பெழுத்து’ என வழங்குகின்றன. சுழி, வளைவு, கோடு, கால் என ஓர் எழுத்துக்குரிய உறுப்புகள் யாவும் தத்தம் அளவில் அமைய எழுதுதல் என அதனை விளக்கலாம். மாத்தளைப் பிள்ளைகளுக்கு இப்பயிற்சியின் பழைய வேர் கூப்பிடு தூரத்திலேயே இருக்கிறது. நகருக்கு வடக்கே ஏறத்தாழ 3 கிலோமீற்றர் தொலைவில், ஏ-9 வீதியோரம் உள்ள அளுவிகாரைக் குகைகளில்தான், வாய்மொழியாக ஓதப்பட்டு வந்த பாளித் திரிபிடகம் கி.மு. முதலாம் நூற்றாண்டில் வலகம்பா மன்னன் காலத்தில் ஏட்டில் எழுதப்பட்டது என்பது பௌத்த மரபு. ஆங்கிலேய ஆட்சிக்கெதிரான 1848ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது அங்கிருந்த ஏட்டு நூலகம் அழிவுற்றது. எனினும், வருவோர்க்கு ஏடெழுதிக் காட்டும் வழக்கம் அங்கு இன்றும் உண்டு.

தாளிப்பனையின் குருத்தோலையை ஈர்க்கு நீக்கி, அவித்து, உலர்த்தி, உருண்ட மரத்தில் மேலும் கீழும் இழுத்து மெருகேற்றியபின் அது ஏடாகிறது. எழுத்தாணி எனப்படும் கூரிய இரும்புக் கோல் அதன்மேல் மை விடுவதில்லை, கீறுகிறது. வலக்கையில் உள்ள எழுத்தாணியை இடக்கைப் பெருவிரல் தாங்கி நகர்த்த, எழுத்துகள் ஒரே அளவில் வரிசையாக இறங்குகின்றன. கீறியவுடன் எழுத்து மங்கலாகவே தெரியும். கரித்தூளைக் குங்கிலிய எண்ணெயிற் குழைத்துப் பூசித் துடைத்த பின்னரே, கீறலில் மட்டும் கருமை தங்கி, வரி முழுவதும் துலங்கும். அழித்து எழுத வழியில்லாத இத்தொழிலில் கையின் நிதானமே முதல் தகுதி.

ஓலையின் நார் நீளவாக்கில் ஓடுவதால், அத்திசையில் அழுத்தி இழுக்கும் நேர்கோடு ஏட்டைப் பிளந்துவிடும்; சிங்கள எழுத்துகள் உருண்டு திரண்டமைக்கும் தமிழில் வளைவுகள் மிகுந்தமைக்கும் இதனையே காரணமாகக் கூறுவோர் பலர். வளைவுகளைப் போலவே, இரண்டு வடிவங்கள் இணைந்து ஒன்றாகும் கூட்டெழுத்தும் தமிழுக்குப் புதிதன்று. மாத்தளை என்னும் பெயரின் ஈற்றிலுள்ள ‘ளை’ முன்பு யானைத் துதிக்கை போன்ற ஒரு சுழியுடன் ஒரே வடிவாக எழுதப்பட்டது. தமிழ்நாட்டரசு 1978இல் ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்தில் மாற்றம் பெற்ற 13 எழுத்துகளுள் அதுவும் ஒன்று. அச்சுக்கு அம்மாற்றம் எளிமை தந்தது என்பது உண்மையே. ஆயினும், கையெழுத்தில் அப்பழைய சுழிக்கு இருந்த ஓட்டமும் அழகும் பிள்ளைகளுக்குக் காட்டப்பட வேண்டியவை.

இன்று உறுப்பெழுத்து பெரும்பாலும் கொப்பியின் துப்புரவாகச் சுருங்கிவிட்டது பெருங்குறையாகும். அகரத்தின் சுழி எங்கே தொடங்கி எப்பக்கம் திரும்புகிறது என்பதைக் கைபிடித்துக் காட்டாமல், பத்து முறை எழுதிவரச் சொல்வதால் பயனில்லை. விசயதசமியன்று பிள்ளைகளுக்கு ஏடு தொடக்கும் சமூகத்தில், அந்த ஏட்டைக் கண்ணாற் காணாமலே பிள்ளைகள் வளர்ந்துவிடலாகாது. மாத்தளைத் தமிழ்ப் பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவு ஆசிரியர்கள், ஆண்டுக்கு ஒரு நாளேனும் தம் மாணவரை அளுவிகாரைக்கு அழைத்துச் சென்று, எழுத்தாணி பிடித்த கையை அருகில் நின்று பார்க்கச் செய்தல் வேண்டும்.