துரை குடித்தால் மருந்து, தொழிலாளி குடித்தால் குற்றமா?

தோட்டத் தொழிலாளரின் சம்பளப் பேச்சு எழும்போதெல்லாம் கொழும்பின் குளிரூட்டிய அறைகளிலிருந்து ஒரு குரல் தவறாமல் ஒலிக்கிறது: "கூட்டிக் கொடுத்தால் தவறணையில் கொண்டுபோய்க் கொட்டிவிடுவார்கள்." இதைச் சொல்பவர்கள் நுவரெலியாவுக்கு விடுமுறையில் வந்தால் என்ன அருந்துகிறார்கள் என்பதைச் சற்றுப் பார்ப்போம்.

அதன் பெயர் ஹொட் டொடி. கண்ணாடிக் குவளையை வெந்நீரால் அலசிச் சூடாக்கி, 50 மில்லிலீற்றர் விஸ்கி, ஒரு தேக்கரண்டி தேன், சிறிது தேசிக்காய்ச் சாறு, இரண்டு மூன்று கராம்பு, ஒரு கறுவாத் துண்டு ஆகியவற்றை இட்டு, அதன்மேல் 150 மில்லிலீற்றர் வெந்நீர் ஊற்றவேண்டும். வெந்நீருக்குப் பதிலாகத் தேயிலைச் சாயம் ஊற்றுவோரும் உண்டு. இரண்டு நிமிடம் ஊறியதும் கராம்பும் கறுவாவும் மணக்கும். 1,868 மீற்றர் உயரத்தில், மூடுபனி சூழ்ந்த மாலையில், அளவோடு அருந்துவோருக்கு அது சுவையான பானம்தான். அதில் எனக்குச் சண்டையில்லை.

சண்டை, அதற்குச் சூட்டப்படும் நற்பெயரைப் பற்றியது. 'டொடி' என்ற சொல்லே பனையிலிருந்து இறக்கும் கள்ளைக் குறிக்கும் 'தாடி' என்ற இந்திச் சொல்லின் ஆங்கிலத் திரிபு. ஏழையின் கள்ளுக்குரிய பெயர் விஸ்கியோடு சேர்ந்ததும் கனவான்களின் பானமாயிற்று. 1867இல் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் ஸ்கொட்லாந்துக்காரர். அவருடைய நாட்டவர் பலர் துரைகளாக வந்து ஹோலிரூட், டன்சினன், பெல்மோரல் என்று தம் ஊர்ப் பெயர்களை நம் மலைகளுக்குச் சூட்டினர். 1876இல் நுவரெலியாவில் ஹில் கிளப்பையும் அமைத்துக்கொண்டனர். அங்கே விஸ்கி நாகரிகம். லயத்தில் சாராயம் ஒழுக்கக்கேடு. இந்த இரட்டை அகராதியை எழுதியவர்கள் போய்விட்டார்கள். அகராதி மட்டும் நம்மவர் கையில் பத்திரமாக இருக்கிறது.

"குளிருக்கு மருந்து" என்பது பங்களாவிலும் லயத்திலும் ஒருங்கே சொல்லப்படும் சாக்கு. இரண்டும் பொய். மது தோலிலுள்ள இரத்தக் குழாய்களை விரியச் செய்கிறது. அதனால் சூடு ஏறியது போலத் தோன்றினாலும், உண்மையில் உடல் தன் வெப்பத்தை இழக்கிறது. குவளையின் விலையைப் பார்த்து உடல் தன் இயல்பை மாற்றிக்கொள்வதில்லை.

தவறணையைத் தொழிலாளியா கட்டினான்? பிரித்தானியர் காலத்தில் சாராயம் விற்கும் உரிமையை அரசே குத்தகைக்கு விட்டுப் பணம் சேர்த்தது. 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டத்திற்குப் பின்னரும் அனுமதிப்பத்திரம் அரசின் கையிலேயே இருக்கிறது. போத்தலில் வரியை எடுத்துக்கொண்டு, குடித்தவனைப் பழிப்பது எந்த ஊர் நியாயம்?

லயங்களில் குடி இழைக்கும் கொடுமையை நான் மறைக்கவில்லை. கசிப்பு உயிரைக் குடிக்கிறது. அட்டையும் மழையும் பாராமல் கொழுந்து பறித்து, நிறை குறைந்தால் அரைப்பேருக்கு ஆளாகும் பெண்தான் வீட்டில் அடியும் வாங்குகிறாள். ஆனால் "குடித்துவிடுவார்கள்" என்று சொல்லிச் சம்பளத்தை மறுப்பவர்கள் முதலில் தண்டிப்பது அவளைத்தான். கொழுந்து பறிப்போரில் பெரும்பாலோர் பெண்கள் என்பது இவர்களுக்குத் தெரியாதா? 2015 அளவில் எழுந்த ஆயிரம் ரூபாய்க் கோரிக்கை வர்த்தமானியில் ஏறியது 2021 மார்ச்சில்தான். அந்த ஆறு ஆண்டுகளில் அவள் அடுப்பில் எரியாத நெருப்புக்கு யார் கணக்குச் சொல்வது?

ஓர் அரசாங்க எழுதுவினைஞரின் சம்பளத்தை உயர்த்தும்போது அவர் மாலையில் எதை அருந்துகிறார் என்று எவரும் கேட்பதில்லை. கூலி என்பது செய்த வேலைக்குரிய கடன். நன்னடத்தைக்குத் தரும் பரிசன்று. குடியை ஒழிக்க வேண்டுமா? தோட்டத்து வாசலில் உள்ள தவறணையை அகற்றுங்கள். கசிப்புக்குக் காவல் நிற்போரைப் பிடியுங்கள். பெண்ணின் சம்பளம் அவள் கையிலேயே சேர வழிசெய்யுங்கள். இவை எதையும் செய்யாமல், கையில் ஹொட் டொடியுடன் கணப்படுப்பருகே அமர்ந்து தொழிலாளிக்கு மதுவிலக்குப் போதிக்க எவருக்கும் அருகதை கிடையாது.