கோடைக் கலாசாலையும் 'தகுதி'யும்

அமெரிக்காவில் ஹைஸ்கூல் பிள்ளைகளைக் கோடை விடுமுறையில் கலாசாலைக்கே அழைத்துப் போய், அங்கேயே தங்கவைத்துப் பாடம் நடத்தும் வழக்கம் வெகுநாளாய் இருந்து வருகின்றது. அறை, சாப்பாடு, புத்தகசாலை, ஆராய்ச்சிசாலை எல்லாம் உண்டு. நல்ல ஏற்பாடென்றே நாமும் சொல்லுவோம். ஆனால் யாருக்கு நல்லது என்பதைச் சற்றுக் கவனிக்க வேண்டியிருக்கின்றது.

ஹார்வர்டு சர்வகலாசாலையில் இப்படி இரண்டு வாரம் தங்கப் பிள்ளை ஒன்றுக்குச் சமீப வருஷங்களில் கட்டணம் 5,000 டாலருக்கு மேல். இத்தகைய வகுப்பில் சேர்ந்ததனாலேயே பின்னால் கலாசாலையில் இடம் நிச்சயமென்று எண்ணவேண்டாம் என்று நடத்துகிறவர்களே சொல்லிவிடுகிறார்கள். அப்படியும் கூட்டம் குறையவில்லை. "நான் அருள் தருவதாக வாக்களிக்கவில்லை" என்று சாமியே வாய்திறந்து சொன்ன பிறகும் ஸ்பெஷல் தரிசனச் சீட்டுக்கு முண்டியடிக்கும் பக்தர்கள் நம் நாட்டில் மாத்திரந்தான் உண்டு என்று யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை!

நிற்க, பணம் கேளாத ஏற்பாடுகளும் அங்கே இருக்கின்றன. அணுசக்திக் கப்பற்படையை உருவாக்கிய ரிக்கோவர் என்பவர் துவக்கிய ஸ்தாபனம் 1984 முதல் ஆராய்ச்சிப் பள்ளி ஒன்று நடத்துகின்றது. படிப்பும் தங்கலும் சாப்பாடும் இலவசம். ஆயினும் அதில் எடுபடுகிறவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே நல்ல பள்ளியும் நல்ல ஆசிரியரும் வாய்க்கப்பெற்றவர்களாய்த்தானே இருக்கக்கூடும்?

நாம் முக்கியமாய்ச் சொல்ல வந்தது 'அப்வர்ட் பவுண்டு' என்னும் திட்டத்தைப் பற்றியாகும். ஜான்சன் ஜனாதிபதியாயிருந்த காலத்தில், 1964ம் வருஷத்து வறுமை ஒழிப்புச் சட்டத்தின் கீழ் சர்க்கார் பணத்தில் துவக்கப்பட்டது. இதில் சேருகிறவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஏழைகளாகவும், தாய் தகப்பன் பட்டம் பெறாதவர்களாகவும் இருந்தாக வேண்டும். வருஷம் முழுதும் பாட உதவி; கோடையில் வழக்கமாக 6 வாரம் கலாசாலையிலேயே வாசம். நடிகை வயோலா டேவிஸ் அம்மையார் இதில் படித்தவரே. கோடையில் கூலிவேலைக்குப் போகவேண்டிய பிள்ளை படிக்க வந்தால் வீட்டுக்கு நஷ்டமல்லவா? அதற்காகக் கைச்செலவுப் பணமும் உண்டு. எவ்வளவு? வேலைப் பயிற்சியிலிருப்போர் நீங்கலாக, கோடையில் மாதத்திற்கு 60 டாலருக்கு மேல் கூடாதென்கிறது சட்டம். 2009 முதல் தேச முழுமைக்குமான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர், கணக்குப் பார்த்தால் அந்த மாதப் பணம் எட்டேகால் மணி வேலைக்குக் கூலி!

இத்திட்டத்தால் பலனென்ன என்று சர்க்காருக்காக ஒரு பெரிய ஆராய்ச்சியும் நடந்தது. மொத்தத்தில் பெரிய மாறுதல் காணவில்லை என்றார்கள். ஒளிப்பானேன்? ஆனால் தாங்கள் பட்டம் வரை போவோமென்று நினைத்தேயிராத பிள்ளைகளிடத்தில், நாலுவருஷக் கலாசாலைக்குப் போனவர் தொகை நன்றாய் உயர்ந்ததென்றும் அதே ஆராய்ச்சி 2004ல் கூறிற்று. அதாவது, "நமக்கேது படிப்பு" என்று தலைமுறை தலைமுறையாய் நம்பவைக்கப்பட்ட பிள்ளைகளுக்குத்தான் அது பயன்பட்டிருக்கின்றது. வேறு யாருக்குப் பயன்பட வேண்டும் என்று கேட்கின்றோம்.

மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கலாசாலையின் கதை இன்னும் வேடிக்கையானது. எஞ்சினீயரிங் துறையில் காண்பதற்கரிய கருப்பின, செவ்விந்திய, லத்தீன் வமிசப் பிள்ளைகளுக்கென்று 1975 முதல் இலவசக் கோடைப் படிப்பு நடத்தி வந்தது. இனவேற்றுமை காட்டுவதாகப் புகார் கிளம்பவே, 2003ல் எல்லா இனத்தாருக்கும் திறந்துவிட வேண்டியதாயிற்று. தோலைப் பார்த்து வாய்ப்புக் கொடுப்பது அநீதியென்று துடித்த நீதிமான்களில் எத்தனை பேர், பணப்பையைப் பார்த்து வாய்ப்புக் கொடுப்பதையும் அநீதியென்று புகார் எழுதினார்கள்?

2025 மே மாதத்தில் ட்ரம்ப் சர்க்கார் தங்கள் வரவுசெலவு யோசனையில், அப்வர்ட் பவுண்டும் அதைச் சேர்ந்த திட்டங்களும் அடங்கிய 'ட்ரையோ' முழுவதையும் எடுத்துவிடலாமென்று கூறிற்று. வசதியற்ற மாணாக்கருக்குக் கலாசாலைப் பிரவேசம் இப்போது முன்போலத் தடையாக இல்லையாம்! அவர்கள் சொல்லுவது மெய்யானால், பிள்ளைகளை இரண்டு வாரம் கலாசாலை வாசத்திற்கு அனுப்பச் செல்வர்கள் 5,000 டாலருக்கு மேல் எதற்காகக் கொட்டுகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.