எதிர்ச்சொல்லுக்கு கைடு எதற்கு?

மஹாராஷ்டிர ஸ்காலர்ஷிப் பரீட்சையில் மொழி, கணிதத்துடன் ‘புத்திமத்தா சாச்சணி’ என்ற பகுதியும் உண்டு. ‘பகல் : இரவு, இன்பம் :?’ என்ற ரகக் கேள்விகள் அதில் சகஜம். இதற்காக முலுண்டில் நம் பெற்றோர் சிலர் கைடு வாங்கி, எதிர்ச்சொல் பட்டியலைக் குழந்தைகளை உருப்போட வைக்கிறார்கள். போதாக்குறைக்கு, ‘பாஷைகள் குழம்பிவிடும்’ என்று வீட்டில் தமிழ் பேசுவதையும் குறைத்துவிடுகிறார்கள். இரண்டும் தவறு என்பது என் கருத்து.

இந்தக் கேள்வியில் சோதிப்பது உறவை. முதல் ஜோடியை ஒரு வாக்கியமாகச் சொல்லிப் பார்க்க வேண்டும்: ‘பகலுக்கு எதிர் இரவு, அதுபோல இன்பத்துக்கு எதிர்?’ கொடுத்த விடைகள் மகிழ்ச்சி, சிரிப்பு, துன்பம் என்று வைத்துக் கொள்வோம். முதலாவது அதே பொருள். இரண்டாவது சம்பந்தமுள்ள சொல். அவசரப்படும் பிள்ளை இவற்றில்தான் விழும்.

எதிரிலும் வகை உண்டு. ஸ்லோ, ஃபாஸ்ட் வண்டிகள் அளவில் எதிர். நடுவே செமி ஃபாஸ்டும் உண்டு. முலுண்ட் கிழக்கும் மேற்கும் திசையில் எதிர். வாங்குவதும் விற்பதும் ஒரே காரியத்தின் இரு பக்கம். ஸ்டேஷனுக்குப் போகும் வழியிலேயே இதைச் சொல்லிக் கொடுத்துவிடலாம்.

பட்டியல் ஏன் உதவாது? ‘சிக்ஷா’ ஹிந்தியில் கல்வி, மராத்தியில் தண்டனை. ஆகவே ஹிந்தி வகுப்பில் அதன் எதிர் ‘அசிக்ஷா’. மராத்தி வகுப்பில் ‘பக்ஷீஸ்’, அதாவது பரிசு. ‘சம்சாரம்’ ஹிந்தியில் உலகம், மராத்தியில் குடும்ப வாழ்க்கை, நம் வீட்டிலோ மனைவி! இத்தனை பாஷைகளுக்கு நடுவே வளரும் குழந்தைக்கு, சொல்லைவிடப் பொருளைப் பார்க்கும் பழக்கம் தானே வரும். அந்த லாபத்தை நாமே கெடுக்கலாமா?

தமிழ் இதற்கு நல்ல பயிற்சிக்களம். திருக்குறளில் 40வது அதிகாரம் கல்வி, 41வது கல்லாமை. இது எதிர்மறையால் வந்த எதிர். 55வது செங்கோன்மை, 56வது கொடுங்கோன்மை. நேரானதற்கு எதிராக வளைந்ததை வைத்து வந்த எதிர். செய்யுளில் எதிரெதிர்ச் சொற்களை அடுக்குவதற்கு முரண்தொடை என்று இலக்கணமே உண்டு.

அமெரிக்காவில் எஸ்.ஏ.டி. தேர்விலிருந்து இந்த ரகக் கேள்விகளை 2005ல் எடுத்துவிட்டார்கள். நம் பரீட்சைகளும் நாளை மாறலாம். அப்போது கைடு பழைய பேப்பர்காரருக்குப் போகும். யோசிக்கும் பழக்கமும் தமிழும் பிள்ளையிடம் நிற்கும். இரவுச் சாப்பாட்டின்போது பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். ஒருவர் ஜோடி சொல்லட்டும், மற்றவர் விடையோடு காரணமும் சொல்லட்டும். தமிழிலேயே சொல்லட்டும்.